ஏத்தலாம் வேற, ஏத்தணும் வேற

லாரிப் பேட்டையில் பாதிப் பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவள் சித்திதான். பஞ்சர் ஒட்டுகிற பெரியவருக்குப் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. அவரும் "சித்தி, பின்சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு" என்றுதான் சொல்வார். லாரி டிரைவர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்தபோது, மூத்தாள் விட்டுப்போன ஆறு வயதுப் பையன் அவளைச் சித்தி என்று கூப்பிட்டான். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அவனையும் கையில் பிடித்துக்கொண்டு பேட்டைக்கு வருவாள். அவன் கத்திக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பேட்டைக்காரர்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடு என்று உறவுக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "அம்மா அவனுக்கு ஏற்கெனவே இருந்தா. நான் சித்தியாவே இருந்துட்டுப் போறேன்" என்று முடித்துவிட்டாள்.

புருஷனுக்குச் சர்க்கரை. நாற்பத்தைந்து வயதிலேயே கண் மங்கத் தொடங்கியது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் டாக்டர் சுவரைக் காட்டி, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "பலகை எங்க இருக்கு?" என்று இவர் திருப்பிக் கேட்டார். அத்தோடு லைசென்ஸ் போயிற்று. கடன் முடியாத லாரி வாசலில் நின்றது. சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். ஒருவன் டீசலை உறிஞ்சி விற்றான். அடுத்தவன் பாதி வழியில் வண்டியை விட்டுவிட்டுச் சாவியோடு போய்விட்டான். இரண்டு பஸ் மாறிப் போய், பூட்டை உடைத்து, ஆள் பிடித்து வண்டியை வீடு கொண்டுவந்து சேர்த்த அன்று, "இனிமே நானே ஓட்டுறேன்" என்றாள் சித்தி. புருஷன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். "கிளட்ச்சு கொஞ்சம் கடினம். கால் வலிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்கு வெளியே காலி மைதானத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்ல, அவள் கையால் கற்றாள். லைசென்ஸ் தேர்வுக்குப் போன இடத்தில் இன்ஸ்பெக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையாம்மா?"

"இருக்காரே சார். அதோ மரத்தடியில உக்காந்திருக்காரு. அவருக்குத்தான் கண்ணு தெரியல."

இன்ஸ்பெக்டர் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். நட்டு வைத்த கம்புகளில் ஒன்றுகூட அசையாமல் எடுத்தாள்.

அதிலிருந்து பல வருஷமாக அதே பாதை. ரயில் நிலையத்தை ஒட்டிய கம்பெனி குடோனிலிருந்து சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு, மலையேறி, அந்தப் பக்கம் இறங்கிக் கட்டட வேலை நடக்கும் ஊர்களில் போட வேண்டும். புருஷன் பக்கத்து சீட்டில் வருவார். கண் போன பிறகு காது இரண்டும் கண்ணுக்கும் சேர்த்து வேலை பார்த்தன. "மூணாவதுல போடு, என்ஜின் முனகுது" என்பார். "இடது பின்பக்கம் ஏதோ தட்டுது" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகிப்போனால் தூங்குவதுபோல் பாவனை செய்வார்.

சித்தி வளர்த்த மகன் படித்தான். லாரி ஓட்டப் பிடிக்கவில்லை என்றான், அவளும் வற்புறுத்தவில்லை. பேட்டையிலேயே ஒரு புக்கிங் ஆபீஸ் போட்டான். எந்தக் கம்பெனியில் லோடு இருக்கிறது, எந்த வண்டி சும்மா நிற்கிறது என்று பார்த்து, இரண்டையும் சேர்த்து வைத்து, தரகு எடுத்துக்கொள்வது தொழில். ஒரு மேசை, இரண்டு போன், தலைக்கு மேல் ஒரு ஃபேன். அந்த ஃபேனைப் பார்த்துத்தான் பேட்டைக்காரர்கள் அவனுக்கு ஆபீசர் என்று பெயர் வைத்தார்கள். கல்யாணமாகி மாடியில் குடித்தனம். மத்தியானச் சாப்பாடு மட்டும் கீழே சித்தி வீட்டில்.

புது உத்தரவு வந்தது டீக்கடை டி.வி.யில். லாரிகள் இதுவரை ஏற்றிய எடையில் கால் பங்கு கூடுதலாக ஏற்றலாம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. சரக்குப் போக்குவரத்துச் செலவு குறையும், டீசல் மிச்சமாகும், சாமான் விலை இறங்கும் என்று துறை அமைச்சர் அடுக்கினார். டீக்கடையில் நின்ற டிரைவர்கள் கை தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எடை கொஞ்சம் கூடிவிட்டாலும் வழிநெடுக ஒவ்வொரு கைக்கும் ஏதாவது திணித்துவிட்டுப் போன ஜனங்கள். இனி அந்தத் தொல்லை விட்டது என்று நினைத்தார்கள்.

சித்தியின் புருஷன் மட்டும் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "வண்டி அதே வண்டிதானே? நேத்து ராத்திரி அதுக்குப் புதுசா எலும்பு ஏதும் முளைச்சிருச்சா?"

"அண்ணே, நல்ல சேதி வந்தாலும் உங்களுக்கு வயித்தைக் கலக்கும்" என்றான் கொட்டாவி. அவனும் சொந்த வண்டிக்காரன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால்தான் கொட்டாவி விடமாட்டான். மற்ற நேரமெல்லாம் வாய் திறந்தே இருக்கும்.

நல்ல சேதியின் வால் அடுத்த வாரம்தான் தெரிந்தது. குடோனில் மூட்டை கூடியது, வாடகை கூடவில்லை. ஒரு டிரிப்புக்கு எவ்வளவோ அவ்வளவுதான் என்றார்கள். முன்பு ஐந்து வண்டி கொண்டுபோன சரக்கை இப்போது நான்கு வண்டி கொண்டுபோனது. ஐந்தாவது வண்டிக்காரன் பேட்டையில் நின்று, குறைந்த வாடகைக்கும் வருகிறேன் என்றான். அவனைக் காட்டி மற்ற நால்வரின் வாயையும் அடைத்தார்கள். மிச்சமான டீசல் யார் வீட்டுக்குப் போனதோ, பேட்டைக்கு வரவில்லை. சிமெண்ட் விலையும் இறங்கின பாடில்லை.

சித்தி முதலில் மாட்டேன் என்றாள். ஆபீசர் மத்தியானச் சாப்பாட்டின்போது கெஞ்சினான்.

"சித்தி, ஊரே ஏத்துது. என் சொந்த வீட்டு வண்டியே ஏத்தலன்னா நான் மத்தவங்ககிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசுறது? ஒரே ஒரு தடவை ஏத்திட்டுப் போய்ப் பாரு."

வளர்த்த பாசம் கண்ணை மறைத்தது. ஏற்றிக்கொண்டு போனாள்.

ஏற்றம் எப்படியோ முடிந்தது. வண்டி மூச்சு வாங்கி, முக்கி, உச்சிக்கு வந்து சேர்ந்தது. இறக்கத்தில்தான் வினை. இரண்டாவது வளைவிலேயே கியரைக் குறைத்தாள். வண்டி அடங்கவில்லை, பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோல் இருந்தது. பிரேக்கை விட்டு விட்டு மிதித்தாள். நல்ல வெயில், காலியான ரோடு, கீழே பள்ளத்தாக்கில் வீடுகள் தீப்பெட்டிபோலத் தெரிந்தன.

"கருகுது" என்றார் புருஷன்.

"தெரியுது."

"இன்னும் ஒரு கியர் குறை."

"குறைச்சாச்சு."

நான்காவது வளைவுக்கு முன்னால் மிதி கீழே போனது, பிடி வரவில்லை. புருஷன் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார். மலைப்பக்கம் ஓரத்தில், ரோடு போட வெட்டிய மண் மேடாகக் கிடந்தது. வண்டியை அதன்மேல் சாய்த்து உரசவிட்டாள். கதவுப் பக்கம் முழுக்கக் கிழிபடும் சத்தம். மண் சரிந்து கண்ணாடியை மூடியது. வண்டி நின்றது.

புருஷன் முன்பலகையை விடாமல், "நின்னுருச்சா?" என்றார்.

"நின்னுருச்சு."

"நீ நல்லா இருக்கியா?"

"கோபமா இருக்கேன்" என்றாள் சித்தி.

சக்கரத்திலிருந்து புகை அடங்குகிறவரை மண் மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நடக்கிற வேகத்தில் உருட்டி, ஒரு மாதிரியாகக் கீழே கொண்டு சேர்த்தாள். திரும்பி வந்ததும் பிரேக்கை அக்கக்காகப் பிரித்துச் சரிசெய்யக் கொடுத்தாள். மகனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் பதறிப்போனான். ஆனால் பதற்றத்தின் கடைசியில், "பிரேக்கு முன்னாடியே தேஞ்சு போயிருக்கும் சித்தி" என்றான்.

பிரேக் சரியான பிறகு குடோனுக்கு வண்டியைக் கொண்டுபோனாள். பழைய எடைதான் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மூட்டைகள் பக்கப் பலகைக்கு மேலே எழும்பி நிற்கின்றன. சுமை தூக்குகிறவர்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல இருக்கிறதை எறக்குங்க" என்றாள்.

குடோன் மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் சாதாரணமாக அந்த வெயிலுக்கு வெளியே வருகிற ஆள் இல்லை.

"அரசாங்கமே ஏத்தச் சொல்லியாச்சும்மா. வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

"அரசாங்கம் ஏத்தலாம்னு சொல்லியிருக்கு சார். ஏத்தணும்னு சொல்லல. ஏத்தலாம் வேற, ஏத்தணும் வேற."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்படியா? உங்க மொதலாளி, இந்த மாசம் உங்களுக்குச் சம்பளம் குடுக்கலாம்னு சொன்னா, சரின்னு வீட்டுக்குப் போயிருவீங்களா?"

மூட்டை மேல் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். மேலாளரின் முகம் சுண்டியது. இறக்குவதற்குத் தனிக் கூலி கிடையாது, யாரும் ஒரு மூட்டையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிமேல் ஏறினாள். சிமெண்ட் மூட்டை ஒரு ஆள் கனம். தூக்க முடியவில்லை, புரட்டினாள். விளிம்புவரை புரட்டி, சாய்த்து வைத்த பலகைமேல் சறுக்கிவிட்டாள். ஒன்று. இன்னொன்று. மூன்றாவதில் நகம் பிய்ந்தது. முகமெல்லாம் சாம்பல் பூசியதுபோல் சிமெண்ட். குடோன் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. முன்சீட்டிலிருந்து புருஷன் தலையை நீட்டி, "முட்டியை மடக்கிப் பெரட்டு, முதுகைக் குடுக்காதே" என்றார்.

சுமைக்காரர்களின் மேஸ்திரி, கழுத்தில் துண்டு போட்ட ஒல்லி மனுஷன், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டினார்.

"சித்தி, நீங்க எறங்குங்க."

"நான் பாத்துக்கறேன் மேஸ்திரி. உங்க பொழப்பைக் கெடுத்துக்காதீங்க."

"கெடுறதுக்கு என்ன இருக்கு? எங்களுக்கு வண்டிக் கணக்குலதான் கூலி. மூட்டை கால் பங்கு கூடிருச்சு, கூலி கூடுச்சா? உங்க வண்டிக்கு பிரேக்கு கருகுது. எங்களுக்கு முதுகு கருகுது."

அவர் ஏறியதும் இன்னும் நான்கு பேர் ஏறினார்கள். மேலாளர் உள்ளே போய் ஆபீசருக்குப் போன் போட்டார்.

ஆபீசர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது கூடுதல் மூட்டைகள் மேடையில் அடுக்கியாகிவிட்டது. சித்தி தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அத்தனை பேர் முன்னால் அவமானமாகப் போய்விட்டது.

"உனக்காக நான் இவங்க கால்ல விழணுமா? இந்தக் கம்பெனி போச்சுன்னா என் ஆபீசையே மூடணும், தெரியுமா?"

"தம்பி, அந்த மண்ணு அங்க கெடக்கலன்னா உங்கப்பாவும் நானும் இன்னைக்கு இல்ல. அது தெரியுமா?"

"எல்லா வண்டியும் போகுது. உனக்கு மட்டும்தான் பயம்."

"ஆமா, பயம்தான். பயப்படறதுக்கு யாருகிட்டயும் உத்தரவு வாங்க வேண்டியதில்ல."

அவன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். "அப்ப இனிமே என் ஆபீசுல உனக்கு லோடு கிடையாது" என்றான்.

"சரி" என்றாள் சித்தி. ஏற்றிய வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்து வண்டியைப் பேட்டையில் நிறுத்தினாள்.

மறுநாள் மத்தியானம் அவன் சாப்பிட வரமாட்டான் என்றுதான் புருஷன் நினைத்தார். மணி ஆனதும் வந்தான். சித்தி தட்டு வைத்தாள். அவனும் தலைநிமிராமல் சாப்பிட்டான். கை கழுவப் போனவன் வாசற்படியில் நின்று, "லோடு கிடையாதுன்னு சொன்னது சொன்னதுதான்" என்றான். "அது உன் ஆபீஸ். இது என் வீடு. நாளைக்கு நேரத்தோட வா, ஆறிப்போகுது" என்றாள் சித்தி.

வண்டி சும்மா நின்றது. அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பேட்டைப் பெயிண்டரைக் கூப்பிட்டு, வண்டியின் பின்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னாள்: 'இந்த வண்டி பழைய எடைதான் ஏற்றும்.' அதோடு ஊரைச் சுற்றினாள். செங்கல் சூளை, மரக்கடை, வீடு மாற்றுகிறவர்கள் என்று கிடைத்த சில்லறை லோடுகளை ஏற்றினாள். ஒரு நாள் செக்போஸ்டில் அதிகாரி ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து எழுத்தைப் படித்தார்.

"என்னம்மா இது, அரசாங்கத்துக்கு எதிரா?"

"விளம்பரம் சார்."

"அழிச்சிரு."

"கம்மியா ஏத்துறது எந்தச் சட்டத்துல குத்தம்னு சொல்லுங்க. அழிச்சிடறேன்."

அவர் இன்னொரு தடவை வண்டியைச் சுற்றிவந்தார். பிறகு முன்கண்ணாடி துடைக்கிற வைப்பர் தேய்ந்திருக்கிறது என்று அபராதம் போட்டார். தேய்ந்துதான் இருந்தது. கட்டிவிட்டு, போகிற வழியிலேயே புதுசு வாங்கிப் போட்டாள்.

முதலில் பேட்டை அந்த எழுத்தைப் பார்த்துச் சிரித்தது. கொட்டாவிதான் அதிகம் சிரித்தான். அப்புறம் அவன் வண்டியில், அடியில் பாரம் தாங்குகிற பட்டை முறிந்தது. மாற்றின பத்தாம் நாள் மறுபடி முறிந்தது. ஒரு காலையில் பெயிண்டரிடம் போய், "சித்திக்கு எழுதினதையே எனக்கும் எழுது. எழுத்து அதைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்" என்றான். அவனைப் பார்த்து இன்னும் சிலர். பேட்டை மொத்தமும் திரண்டது என்று சொன்னால் பொய். பாதிக்குப் பாதிகூட இல்லை. வாசலில் கடன்காரன் வந்து நிற்கிற வண்டிக்காரன் கூடுதல் மூட்டையை ஏற்றிக்கொண்டுதான் போனான். சித்தி அவர்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அவன் வண்டி, அவன் உசிரு, அவன் கஷ்டம்" என்பாள்.

குடோனுக்கு அடி விழுந்தது சுமைக்காரர்களிடமிருந்துதான். பழைய எடைக்கு மேல் ஒவ்வொரு மூட்டைக்கும் தனிக் கூலி கொடுத்தால்தான் தொடுவோம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மேலாளர் வேறு ஆட்களைத் தேடினார். வந்தவர்கள் ஒரு நாள் தூக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் வரவில்லை. ரயில் பெட்டிகள் இறக்கப்படாமல் நின்றன.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசர் மலைக்குப் போக நேர்ந்தது. அவன் அனுப்பிய வண்டி ஒன்று உச்சியில் அச்சு ஒடிந்து நின்றது. சரக்குக்காரன் போனில் வாய்க்கு வந்தபடி திட்ட, இவனே பஸ் ஏறிப் போய், வேறு ஒரு வண்டியில் மூட்டையை மாற்றி, அதிலேயே ஏறி அந்தப் பக்கம் இறங்கினான். அந்த வண்டியிலும் கால் பங்கு கூடுதல். டிரைவர் இருபது வருஷம் ஓட்டியவர். இரண்டாவது வளைவு தாண்டியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் கீழே போய்ச் சேருகிறவரை வண்டிக்குள் ஒரு வார்த்தை கிடையாது. கருகல் வாடை மட்டும் இருந்தது. இதையெல்லாம் அந்த டிரைவர் பின்னால் சொல்லித்தான் சித்திக்குத் தெரியும்.

ஆபீசர் திரும்பி வந்த அன்று மத்தியானம் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்னடா, ருசி இல்லையா?" என்றார் அப்பா.

"இருக்குப்பா." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சித்தி, நாளைக்குக் குடோன்ல லோடு இருக்கு. பழைய எடை."

"வாடகை டிரிப் கணக்கா, டன் கணக்கா?"

"டன் கணக்கு. பழைய வாடகைக்குக் குறையாம பேசிட்டேன். மேலாளர் மொதல்ல குதிச்சாரு. வண்டி வேணும்னா இதுதான் பேச்சுன்னுட்டேன்."

"எனக்கு மட்டுமா, எழுதி வெச்சிருக்கிற எல்லாருக்குமா?"

அவன் மறுபடி சோற்றைப் பிசைந்தான். அவளுக்கு மட்டும்தான் பேசிவிட்டு வந்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப கொட்டாவி வண்டிக்கும் பேசிட்டு வா" என்றாள் சித்தி. "மேஸ்திரி ஆளுங்க கூலியையும் பேசு. அதுவரைக்கும் நான் செங்கல் ஏத்துறேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"உன்னோட பெரிய ரோதனை சித்தி" என்றான். ஆனால் சாப்பிடத் தொடங்கினான்.

பேசி முடிக்க அவனுக்கு இன்னும் சில நாள் பிடித்தது. சுமைக்காரர்களுக்குக் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் கூடுதல் மூட்டைக்குத் தனிக் கூலி என்பது உறுதியானது. பழைய எடை ஏற்றுகிறவர்களுக்கு டன் கணக்கு என்பதும் உறுதியானது. உத்தரவு மாறவில்லை. மாறும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு ஊரில், ஒரு குடோனில், சில வண்டிகளுக்கு நடந்த சங்கதி இது. டி.வி.யில் வருகிற அளவுக்குப் பெரிதில்லை.

சித்தி மறுபடி மலையேறினாள். இறக்கத்தில் அவள் வேகம் எப்போதும் ஒரே வேகம்தான். ஒரு நாள் பின்னால் ஒரு வண்டி, மூட்டை கோபுரமாக நிற்க, ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது.

"பாரமா வர்றான். சத்தத்துலயே தெரியுது" என்றார் புருஷன்.

சித்தி அகலமான இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தினாள். அவன் கடந்து போகும்போது கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "இப்படி உருட்டுறதுக்கு வீட்டுல இருக்கலாமே" என்று கத்தினான்.

"இருக்கலாம்" என்று சித்தியும் கத்தினாள். "இருக்கணும்னு இல்ல."

அவன் காதில் விழுந்ததோ என்னவோ. புருஷன் வயிறு குலுங்கச் சிரித்தார். சித்தி கீழே இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகக் கை வைத்துச் சூடு பார்த்தாள். ஏறி உட்கார்ந்து, இரண்டாவது கியரைப் போட்டு, தன் வேகத்தில் கீழே விட்டாள்.